பரமண்ணையின் இடைவேளைகள்

அஜின்கோர்ட்டில் ஒரு மரக்கறிக் கடையில் வெண்டிக்காய் முறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பெண் போனை வைத்துவிட்டு, "தியேட்டர் பரமண்ணை மோசம் போயிட்டாராம்" என்றார். அவர் இறந்துவிட்டார் என்று கேட்டதும் கூடையை அப்படியே விட்டுவிட்டு வந்து காருக்குள் இருந்து அழுதேன்.

ஸ்காபரோவில் அவருடைய தியேட்டரில் தமிழ்ப்படம் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்லப்போகிறேன் என்று இப்போதே தெரிந்திருக்கும். படத்தைவிட இடைவேளைக்குப் பெயர்போன தியேட்டர் உலகத்திலேயே அது ஒன்றுதான் இருந்திருக்கும். கதாநாயகன் அடிவாங்கி விழும் இடத்தில் லைற்றைப் போட்டுவிட்டுப் பரமண்ணை மைக்கோடு, உதவி தேவைப்பட்ட ஒருவரையும் கூட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் வருவார். "இவர் போன கிழமை வந்தவர். வெல்டிங் தெரியும். ஆரிட்டை வேலை இருக்கு?" ஒருவர் கை தூக்கும்வரை மிச்சப் படம் ஓடாது. சனம் விசிலடிக்கும், ஏசும். அவர் சிரித்துக்கொண்டு நிற்பார். அடுத்த கிழமையும் அதே சனம் ரிக்கெற் எடுக்க வரிசையில் நிற்கும். உள்ள ஒரே வியாபாரத்தைப் பணயம் வைக்கும் துணிவு ஒரு மனிதருக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றும் வியக்கிறேன்.

ஒரு ஜனவரியில் அப்படி அவர் பக்கத்தில் நின்றது நான். கணவர் கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார். நானும் சின்ன மகளும் பேஸ்மென்ற்றில் குடியிருந்த வீட்டை விற்றுவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் வெளியேற வேண்டும். பிள்ளையோடு தனியாக வருபவளுக்கு யாரும் அறை தரவில்லை. யாரோ சொல்லி அவரிடம் போனேன். ஆனால் சனத்துக்கு முன்னால் நிற்க வெட்கம் பிடுங்கித் தின்றது.

"பிள்ளை, கேக்கப்போறது நான். நீர் சும்மா பக்கத்திலை நில்லும். வைச்சுக்கொண்டு குடுக்காதவையெல்லோ வெக்கப்படவேணும்" என்றார்.

அன்று ஒரு கையும் உயரவில்லை. நிறைந்த கூட்டம். "படத்தைப் போடுங்கோ அண்ணை!" என்று கத்தினார்கள். மகள் பயந்து என் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்தாள். பரமண்ணை கொஞ்ச நேரம் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு தன் கையையே தூக்கினார். "சரி. என்ரை வீட்டிலை மேல் அறை இருக்கு."

கன்ரீனில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி சரோ அக்கா கதவடிக்கு வந்துவிட்டார். "மேல் அறையிலை நாங்களெல்லோ படுக்கிறம்?"

"ஓம். இனிக் கீழை படுப்பம்."

தியேட்டரே சிரித்தது. சரோ அக்காவும் சிரித்தார். சிரித்தபடியே வந்து என் மகளைத் தூக்கிக்கொண்டார். கணவர் வந்து சேரும்வரை மல்வேர்ன் பக்கம் இருந்த அவர்கள் வீட்டில்தான் இருந்தோம். அவர்கள் ஹோலில் சோபாவை விரித்துப் படுத்தார்கள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, இவ்வளவு காலமும் சொல்லாத நன்றியைச் சொல்ல வாயெடுத்தேன். மூச்சு வாங்க வாங்க என்னை மறித்தார். "உந்தக் கதையை விடும். பக்கத்துக் கட்டில் ஐயாவுக்கு இங்கிலிஸ் தெரியாது, டொக்டர் சொல்லுறது விளங்குதில்லை. ஒருக்கால் போய்க் கேட்டுச் சொல்லும்." போனேன். அந்த ஐயாவுக்காக டொக்டரோடு வாதாடிவிட்டுத் திரும்பியபோது பரமண்ணை நித்திரையாகிவிட்டார்.

எனக்காக ஒன்றைக் கேட்க இன்றும் எனக்கு நா எழாது. பிறருக்காக என்றால் யாரிடமும் கேட்பேன்; குரல் நடுங்காது. அந்தக் குரல் பரமண்ணையிடம் நான் எடுத்துக்கொண்டது. திருப்பிக் கொடுக்கப்போவதில்லை.