அடுப்புக்குக் காற்று மறைப்பான இடம்

பேக்கேஜ் டூரில் போவதா, நாமாகவே போவதா என்று கேட்டு இப்போதும் யாராவது எனக்குப் போன் செய்கிறார்கள். டிராவல்ஸ் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகிவிட்டன. பாலைவனத்துக்குக் கார் எடுத்துக்கொண்டு கிளம்புகிற இளவட்டங்களிடம் நான் முதலில் கேட்கிற கேள்வி, "அடுப்பு கொண்டு போறீங்களா?" என்பது. கிழவனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். நான் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது.

1. மேஜைக்கு எதிரே ஒரு குடும்பச் சண்டை

எண்பதுகளின் தொடக்கம். மதுரை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். முதலாளி அண்ணாச்சி, ஒரு போன், சுவரில் ஒரு இந்தியா மேப், நான். "வடநாட்டு யாத்திரை, முப்பது நாள், நம்ம ஊர்ச் சமையலுடன்" என்று நோட்டீஸ் அடிப்போம். அதில் காசியைவிடச் சமையல்தான் பெரிய எழுத்தில் இருக்கும். ஜனங்கள் கங்கைக்காக வந்தார்களா, ரசத்துக்காக வந்தார்களா என்பது எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. வண்டி டாப்பில் அரிசி மூட்டை, புளி, வத்தல், அண்டா, மண்ணெண்ணெய் அடுப்பு எல்லாம் ஏறும். சமையல்காரர் நல்லமுத்து அண்ணன் ஏறினால்தான் வண்டி நகரும். டூர் மேனேஜராகிய நான் ஏறாமல் விட்டால் இரண்டு ஊர் தாண்டித்தான் கவனிப்பார்கள்.

ஒரு நாள் காலையில் ராஜாமணி சாரும் அவர் மனைவி கோமதி அம்மாவும் வந்தார்கள். சார் பூகோள வாத்தியார். அந்த வருஷம்தான் ரிடையர் ஆகியிருந்தார். எங்கள் நோட்டீஸைப் பரீட்சைத் தாள் மாதிரி மூக்குக்கு அருகில் வைத்துப் படித்தார்.

"ஜெய்சல்மர் மணல்மேடு பார்வையிடல், நாற்பத்தைந்து நிமிடம், காபி உட்பட." படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, முப்பத்தோரு வருஷமா போர்டுல இந்த மணல்மேட்டை வரைஞ்சிருக்கேன். ஒரு தடவைகூடக் கண்ணால பாத்ததில்லை. அதுக்கு நாப்பத்தஞ்சு நிமிஷமா? அதுலயும் காபி வேறயா?"

"இவரு தனியாப் போகணுங்கிறாரு தம்பி" என்றார் கோமதி அம்மா. "மேப்பைப் பாத்துக்கிட்டு, கண்ட பஸ்ல ஏறி, கண்ட எடத்துல படுத்து. மூணாம் நாளு சப்பாத்தி சேராம வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காருவாரு. நான் உங்க வண்டியிலதான் வாரேன். அவரு எதுல வேணா வரட்டும்."

எனக்கு இரண்டு டிக்கெட்டையும் போட்டுவிட ஆசை. வண்டியில் வந்தால் என்னைப் போல விவரம் தெரிந்த ஆள் கூடவே இருப்பேன் என்று சாரிடம் சொன்னேன்.

"அந்த மேட்டுல நீங்க ஏறியிருக்கீங்களா?"

"பின்னே? நாலு தடவை."

இது பச்சைப் பொய். நாலு தடவை அந்த இடத்துக்குப் போனது வாஸ்தவம். ஜனங்கள் மேட்டில் ஏறும்போது நான் வண்டி வாசலில் லிஸ்ட்டோடு நின்று தலை எண்ணுவேன். இல்லையென்றால் ஜன்னல் சீட்டுச் சண்டைக்குப் பஞ்சாயத்து. மணலில் கால் வைக்க நேரம் இருந்ததில்லை.

"காத்து அடிக்கிற பக்கமா ஏறினீங்களா, மறைவுப் பக்கமா?"

"மணல் எந்தப் பக்கமும் மணல்தானே சார்."

 சார் பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு எழுந்தார். கோமதி அம்மா ஒரு டிக்கெட் போட்டுக்கொண்டார். புருஷன் பெண்டாட்டி ஒரே பாதையில், ஒரே தேதியில், தனித்தனியாகக் கிளம்ப முடிவு செய்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

2. ரசத்துக்கு வந்த தனிப் பயணி

ஆக்ராவில் இலை போட்ட நேரத்துக்குச் சரியாகச் சத்திர வாசலில் சார் நின்றார். தோளில் ஜோல்னாப் பை, தலையில் துண்டு.

"சும்மா இந்தப் பக்கமா வந்தேன்" என்றார்.

 கோமதி அம்மா தன் இலைக்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு இலை போட்டுத் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார். ஜெய்ப்பூரிலும் இப்படியே. ஜோத்பூரில் முப்பத்தெட்டுப் பயணிகளும் வாசலைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள். "வாரார், வாரார்" என்று ஒரு மாமி கத்தினார். எங்கள் நோட்டீஸைச் சார் பையில் மடித்து வைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. அதில் சாப்பாட்டு நேரத்துக்குக் கீழே மட்டும் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்.

டிக்கெட் இல்லாதவருக்கு இலை கிடையாது என்பது அண்ணாச்சி சட்டம். நல்லமுத்து அண்ணன் அதற்கு வழி கண்டுபிடித்தார். "சாரு வெண்டைக்கா நறுக்கட்டும். சமையல் ஒத்தாசைன்னு எழுதிக்கிருங்க மாப்ள." சார் நறுக்கிய வெண்டைக்காய் எல்லாம் அளவெடுத்த மாதிரி ஒரே நீளத்தில் இருந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் சார் ஊர்க்கதை சொல்வார். ஒட்டகவண்டிக்காரன் வீட்டில் மோர் குடித்தது, கிணற்றில் எத்தனை முழம் கயிறு விட்டார்கள் என்று எண்ணியது, இப்படி. அதே ஊரை நாங்களும்தான் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தோம். பயணிகள் அவரைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

3. வன்னி மரத்தடி

ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மர் போகிற ரோட்டில் மதியச் சமையலுக்கு நிறுத்த வேண்டும். காற்று பலமாக அடித்தது. அடுப்பு நிற்காது என்றார் நல்லமுத்து அண்ணன். ரோட்டுக்கு வலதுபுறம் ஒரு மணல்மேடு. அதன் மறைவில் காற்றே இல்லை. ஒரு மரம் வேறு நின்றது. "அட, நம்ம வன்னி மரம்!" என்று மாமிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"மேட்டுக்கு மறைவா விடுங்கண்ணே" என்றேன் டிரைவரிடம்.

டிரைவர் கருப்பையா அண்ணன் பேரையூர்க்காரர். கோடையில் காய்ந்து கிடக்கும் கரிசல் காட்டில் பருத்தி லாரி ஓட்டியவர். அவர்கூடத் தயங்கினார். "தரை எப்படி இருக்கும்னு தெரியலையே தம்பி. எறங்கிப் பாத்துருவமா?"

"நான் நாலு தடவை வந்தவண்ணே. விடுங்க" என்றேன்.

விட்டார். இருபதடி போனதும் வண்டி உட்கார்ந்துவிட்டது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கப் பின்சக்கரம் பாதிக்கு மேல் புதைந்தது. எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள், இன்னும் கொஞ்சம் புதைந்தது. அதற்குள் நல்லமுத்து அண்ணன் அரிசி களைந்து, பாத்திரம் கழுவி, வழக்கம்போல அண்டாத் தண்ணீரை முக்கால்வாசி காலி பண்ணியிருந்தார். மிச்சம் ஒரு குடம். முப்பத்தெட்டுப் பேர். 

பயணிகள் கருப்பையா அண்ணனைப் பிடித்துக்கொண்டார்கள். "வண்டி ஓட்டத் தெரியுமா உமக்கு? ஊருக்குப் போய் முதலாளிகிட்டச் சொல்றோம் பாரு." அவர் என்னைப் பார்த்தார். நான் டயரைப் பார்த்தேன். 

ஒரு மணி நேரம் கழித்து ஜெய்சல்மர் போகிற உள்ளூர் பஸ் வந்தது. எங்களைப் பார்த்து நின்றது. ஜன்னலில் துண்டு கட்டிய தலை ஒன்று எட்டிப் பார்த்தது.

"இன்னைக்கு இங்கயா சாப்பாடு?" என்று கேட்டுக்கொண்டே சார் இறங்கினார்.

வண்டியைச் சுற்றி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு மேட்டின் இந்தப் பக்கம் பத்தடி நடந்தார், கணுக்கால் வரை புதைந்தது. சுற்றிப்போய் அந்தப் பக்கம் நடந்தார், பாதத் தடம் மட்டும் விழுந்தது. "காத்து அடிக்கிற பக்கம் மணலைத் தட்டித் தட்டிக் கெட்டியாக்கும். அங்கேயிருந்து தூக்கிட்டு வந்து மறைவுப் பக்கம் உதறும். இங்கே எல்லாம் புதுசா விழுந்த மணல். ஒன்பதாம் வகுப்புப் பாடம்" என்றார். பார்வை என் பக்கம் வரவே இல்லை.

சார் சொல்லச் சொல்லச் செய்தோம். பின்டயரில் பாதிக் காற்றை இறக்கினோம். சக்கரத்துக்கு அடியில் மணலை வாரிவிட்டு, மாமிகளின் கோரைப்பாய், ஜமுக்காளம் எல்லாவற்றையும் விரித்தோம். உழுது வந்த தடத்தை விட்டுவிட்டு, கெட்டியான பக்கமாக வளைத்து வண்டியை ரிவர்ஸில் எடுக்கச் சொன்னார். உள்ளூர் பஸ்காரர்களும் கொஞ்ச நேரம் தள்ளிக்கொடுத்துவிட்டு, ஒரு டின் தண்ணீரையும் இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். சாரைக் கூப்பிட்டார்கள். அவர் கையை ஆட்டி, போகச் சொல்லிவிட்டார். அது அன்றைக்குக் கடைசி பஸ்.

வண்டி ரோட்டுக்கு ஏறியபோது மணி நாலு.

4. கோமதி அம்மா இறங்கியது

பௌர்ணமிக்குப் புஷ்கரத்தில் குளிப்பாட்டுவதாக எல்லோருக்கும் வாக்குக் கொடுத்திருந்தோம். அரை நாள் போய்விட்டதால் ஜெய்சல்மரை வெட்டினேன். வண்டி இங்கிருந்தே திரும்பும் என்று அறிவித்தேன். யாரும் பெரிதாக வருத்தப்படவில்லை. மணலை இவ்வளவு நெருக்கத்தில் பார்த்தது அவர்களுக்குப் போதும்.

சார் களைத்துப் போயிருந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு வண்டிப் படியில் உட்கார்ந்தார். "நானும் உங்களோடயே வந்துடறேன் தம்பி. இந்தா, இதுவும் மணல்தானே. போதும்" என்றார்.

கோமதி அம்மா ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னது, போதுமா?"

"முட்டி வலிக்குது கோமதி."

"முப்பத்தோரு வருஷம் எனக்குத்தான் காது வலிச்சது. கல்யாணமான புதுசுல கொடைக்கானல் கூட்டிட்டுப் போங்கன்னேன், மணல்மேடு பாக்கப் போவோம்னீங்க. மகன் பொறந்தப்பவும் மணல்மேடு. ரிடையர் ஆனப்பவும் மணல்மேடு. இப்ப ரோட்டோர மணலைப் பாத்துட்டுப் போதுங்கிறீகளா?" என்னைப் பார்த்துத் திரும்பினார். "தம்பி, என் பையை எறக்குங்க. அந்த நார்த்தங்கா ஊறுகா பாட்டிலையும்."

"அம்மா, இது உங்க ஊர் டவுன் பஸ் ரூட் இல்லை" என்றேன்.

"நீங்க இருக்கீகளே நாலு தடவை வந்தவரு, உங்களை நம்பித்தான மண்ணுல உக்காந்திருந்தோம்" என்றார். வண்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜெய்சல்மருக்குக் கல் ஏற்றப் போகிற காலி லாரி ஒன்றைக் கருப்பையா அண்ணன் கைகாட்டி நிறுத்தினார். சுங்குடிச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கோமதி அம்மா கேபினில் ஏறினார். முட்டி வலியோடு பின்னாலேயே சாரும் ஏறினார். "புஷ்கரம். மூணாம் நாள் காலை எட்டு மணி. அதுக்கு மேல வண்டி நிக்காது" என்று கத்தினேன்.

அன்றைக்கு டிரிப் ஷீட்டில் தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டம் இருந்தது. "டிரைவர் கவனக்குறைவு" என்று எழுதினேன். அண்ணாச்சி அதைப் படித்தால் கருப்பையா அண்ணன் அடுத்த டிரிப்புக்கு வர முடியாது. எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் எழுதினேன்.

5. மூன்றாம் நாள், எட்டு மணி

புஷ்கரத்தில் எட்டு மணி ஆயிற்று. அவர்களைக் காணோம். எட்டேகால். பயணிகள் முணுமுணுத்தார்கள். நான் டயரில் காற்றுக் குறைகிறது என்று ஒரு தட்டுத் தட்டினேன். கருப்பையா அண்ணன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, இறங்கி, நல்ல டயரைக் கால் மணி நேரம் சுற்றிச் சுற்றிச் சோதித்தார். அவருக்கு நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று தெரியாது.

எட்டே முக்காலுக்கு ஒரு டிராக்டர் வந்து நின்றது. பின்னால் வைக்கோலில் இரண்டு பேர். முகமெல்லாம் வெயிலில் கறுத்து, உதடு வெடித்து, கல்யாணத்துக்குப் போய் வந்தவர்கள் மாதிரிச் சிரித்துக்கொண்டு இறங்கினார்கள்.

"ரெண்டு பக்கமும் ஏறிட்டோம் தம்பி" என்றார் கோமதி அம்மா. "ஒரு பக்கம் நடந்து ஏறினோம். மறு பக்கம் உக்காந்து சறுக்கினோம். இவரு 'ஒன்பதாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு'ன்னு கத்திக்கிட்டே சறுக்குறாரு." சார் வெட்கப்பட்டு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

பிறகு அந்தம்மா ஊறுகாய்ப் பாட்டிலை என் கையில் கொடுத்தார். உள்ளே மஞ்சள் மணல். நார்த்தங்காய் வாசனை இன்னும் போகவில்லை.

"நாலு தடவை ஏறினவருக்கு ஞாபகத்துக்கு இருக்கட்டும்."

"உங்களுக்கு எப்பத் தெரியும்மா?"

"ஆபீஸ் மாடிப்படி எறங்கும்போதே சொல்லிட்டாரு, இந்தத் தம்பி மணல்ல கால் வச்சதே இல்லைன்னு."

"அப்புறம் எதுக்கு என் வண்டியில வந்தீங்க?"

"நீங்கதான பொய் சொன்னீங்க? ரசம் பொய் சொல்லலையே."

அன்று வண்டி ஓடும்போது டிரிப் ஷீட்டை எடுத்தேன். எழுதியதை அடித்துவிட்டு, "மேனேஜர் தவறு. டிரைவர் எச்சரித்தார், கேட்கவில்லை" என்று எழுதினேன்.  வேலை போய்விடும் என்றே நினைத்தேன்.

மதுரையில் அண்ணாச்சி அதை இரண்டு தடவை படித்தார். "ஏண்டா, மணலே தெரியாமத்தான் இம்புட்டு நாளா ஜனங்களுக்கு மணலை வித்தியா?" என்றார்.  "அடுத்த டிரிப்ல அந்த மேட்டுல ஏறாம நீ ஊருக்கு வரக் கூடாது. போ."

பேக்கேஜா, தனியா என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எதில் வேண்டுமானாலும் போங்கள். அடுப்பு கொண்டு போனால், அதற்கு மறைவு தேடி வண்டியை மணலுக்குள் விடாதீர்கள். யாரோடு போனாலும் அந்த ஆளிடம் அவருக்குத் தெரியாத ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். "தெரியாது" என்று சொன்னால் நம்பிப் போகலாம். தொழிலில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு ஒரு வண்டியும் முப்பத்தெட்டுப் பேரும் மணலில் புதைய வேண்டியிருந்தது.

அடுத்த வருஷ டிரிப்பில் பயணிகள் லிஸ்ட்டைக் கருப்பையா அண்ணனிடம் கொடுத்துவிட்டு, காற்று அடிக்கிற பக்கமாக அந்த ஜெய்சல்மர் மேட்டில் ஏறினேன். கால் புதையவில்லை. உச்சியில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்து டிரிப் ஷீட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நாற்பது நிமிடம் தாமதம் என்று போட்டு, காரணம் என்ற கட்டத்தில் கருப்பையா அண்ணன் தன் கோணல் எழுத்தில் எழுதியிருந்தார்: "மேனேஜர் மேட்டில்."