பெஞ்சில் பை இருந்தால்

இப்போது 'டிரெயின் மேனேஜர்' என்கிறார்கள். நான் ரிட்டயர் ஆனது கார்டாகத்தான்.

வாலாஜாபாத் பக்கம் ஒரு சின்ன ஹால்ட். ஸ்டேஷன் மாஸ்டர், சிக்னல் எதுவும் கிடையாது. நான் பச்சைக்கொடி காட்டினால் பாசஞ்சர் கிளம்பும். கம்பெனிப் பெண்கள் செங்கல்பட்டில் வண்டி மாறி, சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோ பிடித்து ஒரகடம் போவார்கள். யாருக்காவது நேரமாகிவிட்டால், தன் சாப்பாட்டுப் பையை முன்னால் போகிறவளிடம் கொடுத்தனுப்புவாள். அவள் அதை கார்டு பெட்டி நிற்கும் இடத்துக்குப் பக்கத்து பெஞ்சில் வைப்பாள். பை இருந்தால் ஆள் பின்னால் வருகிறாள் என்று நான் ஒரு நிமிஷம் நிற்பேன். ரூல் புத்தகத்தில் இது இல்லை.

ஒருநாள் லேட்டுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. மறுநாள் காலை பெஞ்சில் ஒரு நீலப் பை. எனக்கு மெமோ கொடுத்தவர் மேல் கோபம். பையைப் பார்த்துக்கொண்டே கொடியைக் காட்டிவிட்டேன். வண்டி நகர்ந்தபோது ஒரு பெண் வயல் வரப்பில் ஓடி வந்துகொண்டிருந்தாள்.

"ஸ்டெல்லா சார். அதுக்கு இன்னிக்குதான் வேலைல சேர்ற நாளு," என்றார்கள் அடுத்த பெட்டியில் இருந்த பெண்கள். அதன்பின் அவளை என் வண்டியில் பார்க்கவில்லை. அது என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

ஹால்ட்டை மூடிப் பல வருஷமாகிவிட்டது. போன மாசம் அவளைத் தேடித்தான் போனேன். டிக்கெட் அறைக்குக் கதவில்லை, பெயர்ப்பலகையில் எழுத்தில்லை. பெஞ்ச் மட்டும் அப்படியே இருந்தது. பக்கத்தில் கம்பெனி பஸ்ஸுக்காக யூனிஃபார்மில் சில பெண்கள் நின்றார்கள். ஸ்டெல்லாவைத் தெரியுமா என்று கேட்டேன்.

"நான்தான். இன்னா சார்?"

நான் யாரென்று சொன்னேன். "அன்னிக்கு உன் வேலை போச்சாம்மா?"

"போச்சு சார். மூணு மாசம் வூட்லதான் கெடந்தேன். உங்களத் திட்டிக்கினே இருந்தேன்." சிரித்தாள். "இப்ப வேற கம்பெனி. லைன் சூப்பர்வைசர்."

"தப்பு என்னோடதும்மா," என்றேன்.

"விடுங்க சார். மத்த நாள்லாம் எங்க பொண்ணுங்களுக்காக நின்னீங்களே."

பஸ் வந்தது. எல்லோரும் ஏறினார்கள். டிரைவர் கியரைப் போட்டார். ஸ்டெல்லா படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு பெஞ்சைக் காட்டினாள்.

"இருண்ணா, பை கீது."

அப்போதுதான் நானும் பார்த்தேன், பெஞ்சின் ஓரத்தில் ஒரு சாப்பாட்டுப் பை. டிரைவர் எஞ்சினை அணைத்தார். சந்திலிருந்து ஒருத்தி ஓடிவந்து, பையை எடுத்துக்கொண்டு ஏறும்வரை பஸ் நகரவில்லை.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். மெமோவுக்குப் பதில் எழுதிவிடலாம். கொடி காட்டும் முன் பெஞ்சைப் பாருங்கள்.