லோகன் எடுக்காத காட்சி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பேயை நம்புகிற ஆள் இல்லை. நம்புவது இருக்கட்டும், பேயைத் தயாரித்தே கொடுத்திருக்கிறேன். பகலில் பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை, மிச்ச நேரத்தில் கல்யாண வீடியோ, பிறந்தநாள் வீடியோ என்று வெட்டி ஒட்டிக் கொடுப்பது, இதுதான் என் பிழைப்பு. ஒரு தடவை தங்கும் விடுதிக்காரர் ஒருவர், தன் விடுதிப் படிக்கட்டில் வெள்ளைச் சேலைக்காரி நடப்பது போல ஒரு வீடியோ வேண்டும் என்று கேட்டார். விளம்பரத்துக்காம். ஒரு படத்தின்மேல் இன்னொரு படத்தைப் போட்டு, மேலே இருப்பதைக் கொஞ்சம் மங்கலாக்கினால் முடிந்தது வேலை. அந்தச் சேலைக்காரி நான்தான். பிறகு அந்த வீடியோ வாட்சப்பில் ஊரெல்லாம் சுற்றி, என் அத்தையின் போனுக்கு வந்து, அத்தை அதை எனக்கே அனுப்பி, அந்தப் பக்கம் போகாதே என்று புத்திமதியும் சொன்னார். அப்படிப்பட்ட எனக்குத்தான் இது நடந்தது. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் உங்கள்மேல் எனக்கு வருத்தமே இல்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

லிட்டில் இந்தியாவை ஒட்டிய தெருவில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியை நாங்கள் சிலர் சேர்ந்து நடத்துகிறோம். நாடக ஒத்திகை, ஓவியம், கவிதை வாசிப்பு என்று என்னென்னவோ நடக்கும். மாதத்தில் ஒரு ஞாயிறு சாயங்காலம் படம் போடுவோம். தியேட்டருக்கு வராத படங்கள், வரவே முடியாத படங்கள், நண்பர்கள் சேர்ந்து எடுத்துவிட்டு யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் வைத்திருக்கும் படங்கள். சுவரில் வெள்ளைத் துணி, பிளாஸ்டிக் நாற்காலிகள், கடைசியில் ஒரு மேசையில் லேப்டாப்பும் புரொஜெக்டரும். மரத்தரை என்பதால் செருப்பைக் கீழே படிக்கட்டோரம் விட்டுவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும்.

உள்ளதைச் சொன்னால், எங்கள் படங்களில் பாதி மனிதனின் பொறுமையைச் சோதிக்கும். ஒரு மாடு மேய்ந்து முடிப்பதை முழுசாகக் காட்டிய படமெல்லாம் போட்டிருக்கிறோம். அதையும் முதல் வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தவர் துணிக்கடை காதர் பாய் ஒருவர்தான், அவர் எந்தப் படத்துக்கும் எழுந்து போனதில்லை. மற்றவர்கள் நடுவில் நழுவுவது சகஜம். ஆரம்பத்தில் வாசலில் நின்ற நண்பர் ஒருவர், நடுவில் எழுந்து வந்த பெரியவரிடம், என்ன சார் கிளம்பிட்டீங்க என்று கேட்கப்போய், அவர் வெட்கப்பட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்து, படம் முடியும்வரை குறட்டை விட்டார். அதிலிருந்து எங்களுக்குள் ஒரு சட்டம். படம் ஓடும்போது யார் எழுந்து போனாலும் ஒரு கேள்வி கேட்கக் கூடாது, சிரித்த முகமாகக் கதவைத் திறந்துவிட வேண்டும். இந்தப் பொல்லாத சட்டம்தான் அன்றைக்கு என் குடியைக் கெடுக்கப் பார்த்தது.

என் அப்பாவுக்கு ஞாபகம் குறைந்துகொண்டே வருகிறது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். இப்போது பல் விளக்கிவிட்டு வந்து மறுபடியும் விளக்கப் போவார், சில நாள் என்னை அம்மா பெயர் சொல்லிக் கூப்பிடுவார். திடீரென்று வேலைக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிடுவார். ஒருமுறை அப்படிக் கிளம்பி, போலீஸ்வரை போய்த்தான் கண்டுபிடித்தோம். அன்றிலிருந்து வீட்டில் கதவுக்குக் கதவு பூட்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து வீட்டு மேரி அக்கா வந்து அவரோடு இருப்பார். அந்த ஞாயிறு அக்கா ஒரு கல்யாணத்துக்கு சுங்கை பட்டாணி போய்விட்டார்.

நான் போகாமல் இருந்திருக்கலாம்தான். ஆனால் அன்றைக்குப் போட்டது நான் எடிட் செய்த படம். படம் முடிந்ததும் என் பெயர் முதல் தடவையாகத் திரையில் வரும். அப்பாவுக்கு என் பெயர் ஞாபகம் இருக்கும்போதே அதை அவர் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. பூப்போட்ட நல்ல பாத்தேக் சட்டை ஒன்றைப் போட்டுவிட்டுக் காரில் ஏற்றினேன். வழியில் பொத்தான்களைக் கழற்றித் தானே மறுபடி போட்டுக்கொண்டார். ஒன்று தள்ளிப் போட்டதில் ஒரு பக்கத்துக் காலர் காதுவரைக்கும் ஏறி நின்றது. சரிசெய்யப் போனேன், கையைத் தட்டிவிட்டார். சரி, கோபப்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

படம் லோகனுடையது. நல்ல தம்பி, ஆனால் கேமராவை ஓரிடத்தில் வைத்துவிட்டால் அங்கிருந்து எடுக்க அவனுக்கு மனசே வராது. படம் முழுக்கக் கடலோரம், கப்பல், கிடங்கு, ஒரு வார்த்தை பேச்சு கிடையாது. அதில் வெல்ட் கீ என்ற கடலோரச் சாலைப் பக்கம் எடுத்த ஒரு காட்சி இருக்கிறது. பூட்டிக் கிடக்கும் ஒரு கிடங்குக்குப் பின்னால் கடலுக்குள் இறங்கும் கல்படிகள். எதிரே தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருந்த பழைய மரமேடையில் நின்று படிகளைப் பார்த்து எடுத்தான். எடுத்த கொஞ்ச நாளில், மரம் இற்றுப்போய்விட்டது, ஆபத்து என்று அந்த மேடையைப் பிடுங்கிவிட்டார்கள். காட்சியில் ஆளே இல்லை, நல்ல வெயில், ஒரு காகம் வந்து படியில் உட்காரும், பறந்து போகும். காகம் போனதும் வெட்டு என்று நான், இன்னும் கொஞ்சம் விடுங்கக்கா என்று அவன், இதற்கே எங்களுக்குள் நாள்கணக்கில் சண்டை. கடைசியில் நான்தான் ஜெயித்தேன். காகம் பறக்கும், உடனே அடுத்த காட்சி. எத்தனை தடவை பார்த்திருப்பேன், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

விளக்கை அணைத்துப் படத்தை ஓடவிட்டோம். தன் படத்தைத் தானே உட்கார்ந்து பார்க்கும் தைரியம் இல்லாமல் லோகன் பின்தெருவுக்கு டீ குடிக்கப் போய்விட்டான். அப்பா என் மேசைக்குப் பக்கத்து நாற்காலியில் கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அது கொட்டிய கொட்டில் படத்தின் சத்தமே கேட்கவில்லை. நான் லேப்டாப்பில் குனிந்து சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது திரையில் படிக்கட்டு.

காகம் வந்தது, உட்கார்ந்தது, பறந்தது. காட்சி மாறவில்லை. லேப்டாப் நின்றுவிட்டது என்று நினைத்தேன். ஆனால் திரையில் தண்ணீர் அசைந்துகொண்டிருந்தது, வெயில் போய் மழை பெய்துகொண்டிருந்தது. அப்புறம்தான் கவனித்தேன், படியில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. முழங்காலில் கையை வைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, நேராக எங்களைப் பார்த்தபடி. காலில் ரோஸ் கலர் சிலிப்பர், பெண்கள் போடுவது. யாரடா இது கோமாளி என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு சட்டையைப் பார்த்தேன். ஒரு பக்கத்துக் காலர் காதுவரைக்கும் ஏறி நின்றது.

பக்கத்தில் திரும்பினேன். நாற்காலியில் கச்சாங் பூத்தே பொட்டலம் மட்டும் இருந்தது.

மாடிப்படிகளில் எப்படி இறங்கினேன் என்று எனக்குத் தெரியாது. கீழே கிரில் கதவுப் பக்கத்தில் ஷாமினி நின்றாள், எங்களோடு புதிதாகச் சேர்ந்த பெண், அப்பாவின் நிலைமை அவளுக்குத் தெரியாது. என் முகத்தைப் பார்த்ததுமே பயந்துவிட்டாள்.

"பாத்தேக் சட்டை போட்ட அங்கிளா? அவரு அப்பவே போய்ட்டாருக்கா. படம் புடிக்கலன்னு நெனச்சேன். ஒண்ணும் கேக்கக் கூடாதுன்னு சொன்னீங்கல்ல, நான்தான் கதவத் தொறந்துவிட்டேன்."

அவளைத் திட்டவும் முடியாது. சட்டம் போட்டவர்களில் நானும் ஒருத்தி.

புத்தி நிதானத்தில் இருந்திருந்தால் நான் முதலில் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் பார்த்திருப்பேன், குவீன் ஸ்ட்ரீட் கோயிலில் பார்த்திருப்பேன், லோகனைக் கூப்பிட்டிருப்பேன். எதையும் செய்யவில்லை. செருப்புக்கூடப் போடாமல் கொட்டுகிற மழையில் கடலைப் பார்த்து ஓடினேன். வெல்ட் கீ சாலையில் பஸ்ஸும் லாரியும் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போகின்றன, இந்தச் சாலையை அவர் எப்படிக் கடந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே கையைக் காட்டி நிறுத்திக் கடந்தேன். அந்தப் படிகளைப் பற்றியும் எனக்குத் தெரியும். நீர் ஏறும் நேரத்தில் கீழ்ப்படிகள் எல்லாம் முழுகிவிடும், பாசி வேறு, கால் வைத்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும். அப்பாவுக்கு நீச்சல் தெரியாது. முருகா, முருகா என்று வாய்விட்டுக் கத்திக்கொண்டே போனேன். தண்ணீர்மலை கோயிலுக்கு வருஷத்துக்கு ஒருமுறை கூட்டத்தோடு கூட்டமாகப் போய்வருகிற பக்திதான் என்னுடையது, அன்றைக்கு உண்மையாகக் கூப்பிட்டேன்.

கிடங்கைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனால், அப்பா உட்கார்ந்திருந்தார். திரையில் பார்த்த அதே படி, அதே உட்காரல். காலில் ரோஸ் சிலிப்பர். தண்ணீர் அதைத் தொட்டுத் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. அவர் காலுக்குக் கீழே இருந்த படிகள் ஒன்றும் வெளியே தெரியவில்லை. பாசி வழுக்கும் என்று, உட்கார்ந்த வாக்கிலேயே ஒவ்வொரு படியாக இறங்கி அவரிடம் போனேன். அப்பா என்று கூப்பிட்டேன். அவர் தலையைத் திருப்பவில்லை.

"சத்தம் போடாத கலா. படம் புடிக்கிறாங்க."

யார் என்று கேட்டேன். முகவாயால் எதிரே காட்டினார். எதிரே மழையும் கடலும்தான். மரமேடை இருந்த இடத்தில் ஒரு கட்டைகூட மிச்சமில்லை, வெறும் தண்ணீர்.

"கீழ எறங்கப் போனேன். வேணாம், அங்கயே ஒக்காருங்கன்னு சொன்னாங்க. அசையாம ஒக்காருங்க, ஒங்க மக பாத்துகிட்டு இருக்குன்னாங்க."

நான் அழுதேனா சிரித்தேனா என்று கேட்டால் இரண்டும்தான். அவர் உயிரோடு இருக்கிறார், என் பெயரைச் சொல்கிறார், யார் என்ன படம் எடுத்தால் எனக்கென்ன. அவர் கால் வைத்திருந்த படியிலேயே அவருக்கு முன்னால் ஒண்டி உட்கார்ந்து, சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒழுங்காகப் போட்டுவிட்டேன். ஏன் அந்த நேரத்தில் அதைச் செய்தேன் என்று தெரியாது, கை ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது. இந்த முறை அவர் என் கையைத் தட்டிவிடவில்லை. காலரை மடித்துவிட்டதும் தண்ணீரைப் பார்த்துத் தலையாட்டினார். "முடிஞ்சிச்சாம், வா போலாம்" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

நாங்கள் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தபோது படம் முடிந்து எல்லாரும் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா தன் ரோஸ் சிலிப்பரைத் தேடிக்கொண்டிருந்தார், அப்பா காலில் பார்த்துவிட்டு, போட்டுக்கட்டும் போட்டுக்கட்டும் என்று சிரித்தார். படத்தில் அந்தச் சிலிப்பரைப் பார்த்தீர்களா என்று கேட்டேன், தான் தூங்கிவிட்டதாக ஒத்துக்கொண்டார். ஷாமினி ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவரை மேலே கூட்டிப்போய்த் துண்டால் துவட்டி, படத்தின் கடைசிப் பகுதியை மட்டும் அவருக்காக ஓடவிட்டேன். என் பெயர் வந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தார். "கலா. நம்ம கலா" என்றார். இதற்குமேல் எனக்கு என்ன வேண்டும், சொல்லுங்கள்.

அப்புறம் லோகனும் நானும் அந்தப் படிக்கட்டுக் காட்சியை ஓட்டிப் பார்த்தோம். வெயில், காகம், பறக்கிறது, அடுத்த காட்சி. நான் வெட்டிய இடத்தில் வெட்டியபடியே இருந்தது. பதற்றத்தில் கண்ணுக்கு என்னமோ தெரிந்திருக்கிறது என்று லோகன் சொன்னான். எனக்கும் அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. அப்பாவைக் காருக்குக் கூட்டிப்போகும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நடைபாதையில் காதர் பாய் மழை விடக் காத்து நின்றார். முதல் வரிசைக்காரர், நான் எழுந்து ஓடியதைக் கவனித்திருக்க மாட்டார். அப்பாவைப் பார்த்ததும் கை கொடுத்தார்.

"பொய் சொல்லமாட்டேன் தங்கச்சி, படம் கொஞ்சம் இழுவதான் லா. ஆனா ஒங்க அப்பாவ படியில ஒக்கார வச்சீங்களே, அது ஒண்ணு போதும். மழையில நீ ஓடியாந்து, அவரு முன்னால ஒக்காந்து சட்டைப் பொத்தான மாத்திப் போட்டுவிட்டியே, அங்க எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. எப்ப எடுத்தீங்க?"

அப்பா அவர் கையைக் குலுக்கி, இப்பதான் என்றார்.

அப்பா இன்றைக்கும் என்னோடுதான் இருக்கிறார், நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாகத் தூங்குகிறார். அந்த நன்றி எனக்கு யாருக்குச் சொல்வது என்று தெரியாவிட்டாலும் நிறைய இருக்கிறது. வாசல் சட்டத்தையும் மாற்றிவிட்டோம், இப்போது யார் எழுந்து போனாலும் ஷாமினி வீட்டு விலாசம்வரை கேட்கிறாள். ஒன்றுதான் எனக்கு இன்னும் பழகவில்லை. சில சாயங்காலங்களில் அப்பாவைக் கடலோரம் காற்று வாங்கக் கூட்டிப்போவேன். பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பார், கப்பலைப் பார்ப்பார், வேர்க்கடலை தின்பார். திடீரென்று காலரை இழுத்துவிட்டு, முதுகை நிமிர்த்தி, ஆளில்லாத தண்ணீரைப் பார்த்தபடி, "நேரா ஒக்காரு கலா" என்பார். நானும் உடனே நேராக உட்கார்ந்துகொள்கிறேன்.