பீரோவில் பூட்டிய காது மெஷின்கள்

பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியாமல் நான் செய்த காரியங்களிலேயே முட்டாள்தனமானது, இலுப்பூரைத் தாண்டி இருந்த அந்த முதியோர் காப்பகத்துக்குத் தொண்டு செய்யப் போனதுதான். சம்பளம் கிடையாது. கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிவிட்டார்கள். பெரியவர்களுக்குப் பேப்பர் வாசித்துக் காட்ட வேண்டும், மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டும், வெளிநாட்டிலிருந்து நன்கொடை அனுப்புகிறவர்களுக்கு இங்கிலீஷில் நன்றி எழுத வேண்டும். இதில் கடைசி வேலைதான் முக்கியம், மற்றதெல்லாம் நேரம் இருந்தால் பார்க்கலாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

நிறுவனர் முன்னாளில் இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருந்தவர். அந்தக் குழைவு குரலில் அப்படியே தங்கிவிட்டது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பையில் எந்நேரமும் சீப்பு. "இவங்கல்லாம் எம் புள்ளைங்க டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே தன் அப்பாவைவிட மூத்தவர்களின் தாடையைப் பிடித்து ஆட்டுவார். எந்தப் பிள்ளைக்குச் சர்க்கரை, எந்தப் பிள்ளைக்கு ரத்தக்கொதிப்பு என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார். கேமரா இல்லாத நாளில் அந்த மனிதர் ஹாலுக்குள் காலெடுத்து வைத்து நான் பார்த்ததே இல்லை.

வார்டன் அம்மாவின் இடுப்பில் ஒரு சாவிக்கொத்து தொங்கும். யார் எதைத் தானமாகக் கொடுத்தாலும் அந்தச் சாவிக்கொத்தின் வழியாகப் பீரோவுக்குள் போய்விடும். கம்பளி உள்ளே. புதுத் துண்டு உள்ளே. நடக்கிறவர்களுக்கென்று வந்த ரப்பர் முனை வைத்த ஊன்றுகோல்களும் உள்ளே. கேட்டால், "இதுககிட்ட குடுத்தா ரெண்டே நாள்ல பாழாக்கிப்புடும் டீச்சர்" என்பார். விருந்தாளிகள் வரும் நாளில் பீரோ திறக்கும். ஆளுக்கொரு கம்பளியைப் போர்த்தி, ஆளுக்கொரு கோலைக் கையில் கொடுத்து வரிசையாக உட்கார வைப்பார்கள். வந்தவரின் கார் கேட்டைத் தாண்டியதும் எல்லாவற்றையும் திரும்ப வாங்கி மடித்து வைத்துப் பூட்டிவிடுவார்கள். மார்கழிக் குளிரில் பழைய சேலையைப் போர்த்திக்கொண்டு முடங்கிக் கிடந்த ஜனங்களையும், பீரோவில் அந்துருண்டை வாசத்தோடு கதகதப்பாக இருந்த கம்பளிகளையும் நான் ஒரே நாளில் பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னால் பதிலுக்கு ஒரு சிரிப்பு கிடைக்கும். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்படித்தான் காது மெஷின்களும் வந்து சேர்ந்தன. திருமயம் பக்கத்து ஊரில் பெரிய வீடு உள்ள, சிங்கப்பூரிலேயே தங்கிவிட்ட ஒரு பணக்காரர் அனுப்பியவை. காதுக்குப் பின்னால் மாட்டுகிற சின்ன மெஷின்கள். டாக்டர் ஒருவர் வந்து காது கேட்காதவர்களை ஒவ்வொருவராகச் சோதித்து, அவரவருக்கு ஏற்றபடி திருகிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் ஓர் எவர்சில்வர் தட்டை ஏந்திக்கொண்டு வார்டன் அம்மா ஹாலைச் சுற்றி வந்தார். கோயிலில் தட்டு நீட்டுகிற மாதிரி நீட்டினார். எல்லோரும் கழற்றிப் போட்டார்கள். மறுபடியும் ஹாலில் ஊமை நாடகம் ஆரம்பமாயிற்று.

அந்த ஹாலின் கடைசிக் கட்டிலில் ஒரு பெரியவர் இருந்தார். குன்றாண்டார்கோவில் பக்கம் கல் குவாரியில் வெடி வைத்தே வாலிபத்தைக் கழித்தவர். வெடிச் சத்தம் அவர் காதுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. பிள்ளைகள் இல்லை. அவரும் மனைவியும் ஒன்றாகத்தான் காப்பகத்தில் சேர்ந்தார்கள். அப்போது காப்பகம் திருமயத்துப் பக்கம் ஒரே கட்டடமாக இருந்தது. பிறகு நன்கொடைப் பணத்தில் இலுப்பூர்ப் பக்கம் புதுக் கட்டடம் எழும்பியது. திறப்பு விழா வைத்தார்கள். திறக்கிற கட்டடத்தில் யாராவது குடியிருக்க வேண்டாமா? ஆண்களை எல்லாம் வேனில் ஏற்றி இங்கே இறக்கிவிட்டார்கள். பெண்கள் அங்கேயே தங்கினார்கள். புருஷன் பெண்டாட்டி என்று ஒரு சோடி இருக்கிறதே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பிறகு தோன்றியபோது, "ரூல்ஸ் அப்படி" என்றார்கள். அந்த ரூல்ஸை யார் போட்டது என்று கேட்டேன். நிறுவனர் சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டார்.

பெரியவர் ஆளைக் கண்டால் ஒன்றே ஒன்றுதான் கேட்பார். காது கேட்காதவர் இல்லையா, ஹால் முழுக்க அதிரும்படி கேட்பார். "திருமயத்துக்கு எப்பக் கூட்டிட்டுப் போவீங்க? அவளப் பாக்கணும்."

அதற்குக் காப்பகத்து ஆட்களிடம் ஒரு கைஜாடை இருந்தது. ஆள்காட்டி விரலைக் காற்றில் முன்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். அடுத்த வாரம் என்று அர்த்தம். வார்டன் சுற்றுவார், டிரைவர் சுற்றுவார், நிறுவனர் போன் பேசிக்கொண்டே சுற்றுவார். பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டு கட்டிலுக்குத் திரும்பிப் போவார். நான் பஸ்ஸில் கூட்டிப் போகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். வெளியே அனுப்பி ஏதாவது ஆகிவிட்டால் டிரஸ்டுக்குக் கெட்ட பெயர் என்று மறுத்துவிட்டார்கள்.

அவர் முன்னால் யாரும் குரலைத் தாழ்த்திப் பேசியதில்லை. "இந்தக் கட்டிலுக்குத்தான் சோறு பத்த மாட்டேங்குது" என்று அவர் தலைக்கு மேலேயே பேசுவார்கள். அவரிடம் மட்டும் இப்படி என்று நினைத்துவிடக் கூடாது. காது நன்றாகக் கேட்கிறவர்கள் முன்னாலும் அதே பேச்சுத்தான். வயதானால் புத்தியும் போய்விடும், மானமும் போய்விடும் என்பது அவர்கள் எண்ணம். இத்தனைக்கும் படித்த ஜனங்கள்.

சிங்கப்பூர்க்காரர் தான் கொடுத்த மெஷின்களை நேரில் பார்க்க வருகிறார் என்று சேதி வந்தது. காப்பகம் கல்யாண வீடாகிவிட்டது. வாழைமரம், சீரியல் லைட், மைக் செட். காலையிலேயே பீரோ திறந்து கம்பளிகள் வெளியே வந்தன. பங்குனி வெயிலில் கம்பளி எதற்கு என்று கேட்டேன். "போட்டோவுல கலர் நல்லா விழும் டீச்சர்" என்றார் வார்டன். மெஷின்களில் பேட்டரி போட்டு ஒவ்வொருவர் காதிலும் மாட்டினார்கள். விருந்தாளி "கேக்குதா?" என்று கேட்டால் "நல்லாக் கேக்குதுங்க" என்று சொல்ல வேண்டும் என்று ஒத்திகை வேறு நடந்தது.

விருந்தாளி வந்தார். குத்துவிளக்கு ஏற்றினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். நிறுவனர் மைக்கைப் பிடித்து, "எம் புள்ளைங்க" என்று தொண்டை கம்மப் பேசிவிட்டு இறங்கினார். இறங்கியவர் வந்து நின்றது பெரியவரின் நாற்காலிக்குப் பின்னால். வார்டன் அம்மா அங்கே அவசரமாக வந்தார். பெரியவருக்குப் பக்கத்தில் கம்பளியைச் சரிசெய்துகொண்டிருந்த எனக்கு அவர்கள் பேசியது ஒரு சொல் விடாமல் கேட்டது.

"திருமயத்துலேர்ந்து திரும்பவும் போன் சார். இந்தப் பெருசோட சம்சாரத்த புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரியில சேத்துருக்காங்கள்ல, ரொம்ப மூச்சு வாங்குதாம். வீட்டுக்காரர வரச் சொல்லுங்கன்னு ஒரே அழுகையாம்."

"இப்ப எப்படிம்மா? ஃபங்ஷன் முடிஞ்சதும் வேன் கெஸ்ட்டோட ஆளுகளத் திருச்சி ஏர்போர்ட்டுல விடணும். நாளைக்குப் பாப்போம்."

"நேத்தும் இதத்தான் சார் சொன்னீங்க."

"விடும்மா. இந்தாளுக்குத் தெரியவா போகுது?"

பெரியவரின் மனைவி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்பது எனக்கும் அப்போதுதான் தெரியும். திரும்பிப் பெரியவர் முகத்தைப் பார்த்தேன். அவர் காதுக்குப் பின்னால் மெஷின் இருந்தது. காலையில் அதை மாட்டிவிட்டதே இந்த வார்டன்தான். மாட்டியவருக்கும் நினைவில்லை, மாட்டச் சொன்னவருக்கும் நினைவில்லை. அவர்களைப் பொறுத்தவரை அது போட்டோவுக்கு மாட்டிய நகை. அதில் கேட்கவும் செய்யும் என்று இருவருக்கும் உறைக்கவே இல்லை. பெரியவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

விருந்தாளி வரிசையாக வந்தார். ஒவ்வொருவரிடமும் குனிந்து, "கேக்குதாய்யா?" என்றார். "நல்லாக் கேக்குதுங்க" என்று ஒத்திகைப்படி பதில் வந்தது. கேமரா கூடவே நகர்ந்தது. பெரியவர் முறை வந்தது.

"கேக்குதாய்யா?"

பெரியவர் எழுந்து நின்றார். கம்பளி கீழே விழுந்தது. "நல்லாக் கேக்குதுங்க. எம் பொஞ்சாதி பெரியாஸ்பத்திரியில மூச்சு முட்டிக் கெடக்குறாளாம். என்னயக் கேட்டு அழுகுறாளாம். வேன் ஒங்க ஆளுகளுக்கு வேணுமாம். நீங்க அதுல போங்க. நா பஸ்ஸுல போய்க்கிறேன்."

மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. நிறுவனரின் முகத்தில் சிரிப்பு அப்படியே உறைந்து நின்றது, வாயை மூடக்கூடத் தோன்றவில்லை. அந்த விருந்தாளியிடம் நான் ஒரு சொல்லை எதிர்பார்த்தேன். ஏனென்றால் வாசலில் அவருடைய கார் சும்மாதான் நின்றது. அவர் பெரியவரின் காதையே உற்றுப் பார்த்துவிட்டு நிறுவனர் பக்கம் திரும்பி, "பரவாயில்லையே, மெஷின் நல்லா வேலை செய்யுதே!" என்றார்.

நான் கழுத்து அட்டையைக் கழற்றிக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்தேன். "வாங்கய்யா, போவோம்" என்றேன். யாரும் தடுக்கவில்லை. கேமரா முன்னால் எப்படித் தடுப்பார்கள்?

அன்னவாசல் வழியாகப் புதுக்கோட்டை போகிற பஸ் கிடைத்தது. ஒவ்வொரு ஹாரனுக்கும் பெரியவர் திடுக்கிட்டார். ஒரு பிள்ளை அழுததை வாயைத் திறந்து வேடிக்கை பார்த்தார். அன்னவாசல் தாண்டியதும் என் பக்கம் திரும்பி, விரலைக் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றினார். "டீச்சர், இப்படி இப்படிக் காட்டுவாங்களே, அதெல்லாம் பொய்தானா?"

"பொய்தான்யா" என்றேன்.

அதற்கு மேல் வாயைத் திறந்திருந்தால் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் கேட்கிற மாதிரி அந்தக் காப்பகத்தைக் கிழித்திருப்பேன்.

வார்டில் அந்த அம்மாள் மூக்கில் குழாயோடு சாய்ந்து கிடந்தாள். பெரியவரைக் கண்டதும் கண் நிறைந்துவிட்டது. மூச்சை இழுத்துப் பிடித்து, இருந்த பலத்தையெல்லாம் திரட்டிக் கத்தினாள். "சாப்ட்டீங்களா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. ஆயுசு முழுக்க அப்படிக் கத்தியே பேசிப் பழகிய பெண். பெரியவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "கத்தாத. கேக்குது."

அவள் நம்பவில்லை. முகத்தை அங்கிட்டுத் திருப்பிக்கொண்டு மெல்ல முனகினாள். "காதுல என்னத்தயோ மாட்டிக்கிட்டு வந்துருக்காரு, கோயில் மாடாட்டம்."

"மாடுன்னா மாடுதான். ஒன்னயத் தேடி வந்துருச்சுல்ல?" என்றார் பெரியவர்.

அவள் திரும்பிப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. அழுதேன், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. வார்டன் அம்மா. "டீச்சர், மறக்காம மெஷினக் கழட்டி வாங்கிட்டு வந்துருங்க. செட்டுல ஒண்ணு கொறஞ்சா சார் என்னயத்தான் கேப்பாரு."

அந்த அம்மாள் எப்படி இருக்கிறாள் என்று கேட்பார் என ஒரு நிமிஷம் பொறுத்தேன். கேட்கவில்லை. "போனப் பெரியவர்கிட்டயே குடுக்குறேன், நீங்களே கேளுங்க. இப்ப அவருக்கு நல்லாக் கேக்கும்" என்றேன். போன் கட்டாகிவிட்டது.

அந்த வாரக் கடைசி வரைக்கும் அந்த அம்மாள் இருந்தாள். கீழ ராஜ வீதிக் கடையில் பேட்டரி வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியவர் கட்டிலை விட்டு நகரவே இல்லை. எல்லாம் முடிந்த பிறகு ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார். "நெறையப் பேசுனா டீச்சர். காது போனதுக்கு அப்பறம் என்னயத் திட்டுனதெல்லாம் வீணாப் போச்சாம். முதல்லேர்ந்து திரும்பவும் திட்டுனா." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். ஊரார் என்ன சொல்வார்களோ என்று பயந்து வந்த அவருடைய தம்பி மகன் அவரைக் குன்றாண்டார்கோவில் பக்கம் கூட்டிப் போனான். மெஷின் அவர் காதிலேயே போயிற்று. நான் அதைக் கேட்டு வாங்கவும் இல்லை, காப்பகத்துப் பக்கம் திரும்பிப் போகவும் இல்லை.

சில மாதம் கழித்து இலுப்பூர்ச் சந்தையில் காப்பகத்துச் சமையல்கார அம்மாவைப் பார்த்தேன். மறுபடியும் விழா நடந்ததாம், வேறு ஒரு பணக்காரர் வந்தாராம், கம்பளியெல்லாம் போர்த்தினார்களாம்.

"காது மெஷின் மாட்டினாங்களா?" என்றேன்.

"மாட்டுனாங்க டீச்சர். ஆனா இந்தத் தடவ பேட்டரி போடல. போட வேணாம்னு சாரே சொல்லிட்டாரு." காய்கறிப் பையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். "வந்தவரு ஒவ்வொருத்தரையும் கேக்குதா, கேக்குதான்னு கேட்டாரு. எல்லாரும் நல்லாக் கேக்குதுன்னுட்டாங்க."