அப்பாவின் கம்பும் மாமாவின் கல்லும்

அந்த வசந்த காலம் முழுவதும் எங்கள் வீட்டில் நங்கூரத்தைத் தவிர வேறு பேச்சே இல்லை. சீசா என்ற குடியிருப்புப் பகுதியில், நாலாம் மாடியில், எந்த யன்னலைத் திறந்தாலும் கடல் தெரியாத ஒரு வீட்டில் இருந்துகொண்டு நங்கூரத்துக்காக இப்படிச் சண்டை பிடித்த குடும்பம் இத்தாலியின் பலெர்மோ நகரில் வேறு இருந்திருக்காது.

எல்லாம் ஒரு படகால் வந்தது. அப்பா அப்போது வயதான ஒரு சிஞ்ஞோரேயைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். அவரைக் குளிப்பாட்டுவது, சட்டை போட்டுவிடுவது, பல்கனிக்குக் கூட்டிப்போய் வெயிலில் இருத்துவது எல்லாம் அப்பாதான். பகல் முழுவதும் "சி, சிஞ்ஞோரே", அதாவது "ஓம், ஐயா", என்பதைத் தவிர அதிகம் கதைக்க வேண்டியிராத வேலை அது. வீட்டுக்கு வந்தும் அந்தப் பழக்கம் விடாமல், அம்மா எதைச் சொன்னாலும் "சி" என்று சொல்லிவிட்டுச் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தச் சிஞ்ஞோரேக்கு ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற கடற்கரை ஊரில் ஒரு சின்னப் படகு இருந்தது. அவருடைய கால்கள் கைவிட்ட பிறகு அது சங்கிலி போட்டுப் பூட்டியபடி சும்மா கிடந்தது. ஒரு நாள் அவர் அதன் திறப்பை அப்பாவின் கையில் வைத்து, படகை நீ ஓடு, பெயின்ற் மட்டும் ஒழுங்காக அடித்துவிடு என்று சொல்லிவிட்டார். நங்கூரம் மட்டும் இல்லையாம். முன்பு ஒரு முறை அது பாறைக்குள் மாட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்று அடம்பிடித்ததால் அவரே கயிற்றை வெட்டிவிட்டாராம்.

இந்தக் கடைசித் தகவலை அப்பா கொஞ்சம் கவனித்துக் கேட்டிருக்கலாம்.

அன்று வீட்டுக்கு வந்த அப்பா வேறு ஆளாக இருந்தார். தன் ஊர் மன்னாரில் தான் பிடித்த மீன்கள், பிடிக்காமல் விட்ட மீன்கள், ஸ்பிகொலா என்று இங்கே விற்கும் மீன் எங்கள் கொடுவாவின் ஒன்றுவிட்ட தம்பி என்பது, அது கரையோரம் ஆழமில்லாத தண்ணீருக்குத்தான் இரை தேடி வரும் என்பது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். எனக்கு வாய் பிளந்துவிட்டது. இவருக்கு இவ்வளவு கதைக்கத் தெரியுமா என்று இருந்தது.

அம்மா மட்டும் பிடிகொடுக்கவில்லை. அம்மா யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதிப் பெண். போர்க்காலத்தில் இந்தியாவுக்குப் படகில் போகும்போது நடுக்கடலில் இயந்திரம் நின்று, நங்கூரமும் இல்லாமல், காற்று தள்ளிய பக்கமெல்லாம் போய்க்கொண்டிருந்த ஒரு பகலை அவர் அனுபவித்திருந்தார். அதைப் பற்றி அவர் கதைப்பதேயில்லை. "நிண்ட இடத்திலை நிக்கத் தெரியாத சாமானை நான் நம்பமாட்டன்" என்று மட்டும் சொல்வார்.

ஆகவே நங்கூரம் வாங்க வேண்டும். அப்பாவும், அம்மாவின் தம்பியான மாமாவும், நானும் துறைமுகப் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். மாமா ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு உணவகத்தின் சமையலறையில் சிப்பி கழுவுகிறவர். அந்தக் கடலைத் தினமும் பார்ப்பதால் அது தன்னுடையது என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. கடைக்காரர் கலப்பை போல ஒன்று, காளான் போல ஒன்று, குடை மாதிரி மடக்கி விரிக்கிற நாலு கொக்கிகளோடு ஒன்று என்று எடுத்துப் பரப்பிவிட்டு, கடலின் அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டார். அப்பா "மணல்" என்றார். அதே நேரத்தில் மாமா "கல்" என்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நாங்கள் ஒன்றும் வாங்காமல் வீடு திரும்பினோம்.

இரவுச் சாப்பாட்டில் வழக்கு தொடர்ந்தது. கல்லையே நங்கூரமாகப் போடலாம் என்றார் மாமா. மன்னாரில் ஆழமில்லாத கடலில் நங்கூரம் போடுவதே வீண் வேலை என்றார் அப்பா. ஒரு நல்ல கம்பைச் சேற்றில் இறக்கிப் படகை அதில் கட்டினால் முடிந்தது காரியம்.

"நீ கல்லைத் தொபுக்கெண்டு போட்டா கொடுவா நிண்டு பாக்குமே, மச்சான்? அது ஆபிரிக்காவுக்கு ஓடிடும். கம்பு எண்டால் சத்தமே இல்லை. இஞ்சை பார்." கோப்பையிலிருந்த சோற்றுக் குவியலில் முள்ளுக்கரண்டியைச் செங்குத்தாகக் குத்தினார். அது நின்றது.

"இது குத்தரிசிச் சோறு, அத்தான்," என்றார் மாமா. "கடல் இல்லை." அவர் கோப்பையை விரலால் ஒரு தட்டுத் தட்ட, கரண்டி 'டிங்' என்று விழுந்தது. அவருடைய தீர்வு தீவுக்காரர்களின் தீர்வு: சிப்பி வருகிற வலைப்பையில் கல்லை நிரப்பிக் கட்டினால் போதும், மாட்டினாலும் நட்டமில்லை, உலகத்தில் கல்லுக்கா பஞ்சம்?

அம்மா எழுந்து கோப்பைகளை எடுத்தபடி தீர்ப்புச் சொன்னார். "ஞாயிற்றுக்கிழமை நானும் வாறன். ஒரு செபமாலை சொல்லி முடியிற வரைக்கும் படகு நிண்ட இடத்திலை நிக்கவேணும். நிண்டால் வைச்சிருங்கோ. அசைஞ்சால் அடுத்த நாளே திறப்பைக் கொண்டுபோய்ச் சிஞ்ஞோரேட்டைக் குடுத்திட வேணும்."

அப்பா என்னைப் பார்த்தார். "சி" என்று சொன்னார், மிகவும் மெதுவாக. படகு போய்விட்டால் அந்தக் கதைகளும் போய்விடும் என்று எனக்குப் பயமாக இருந்தது.

இங்கே என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். நான் அந்த வருடம் கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தேன். நன்மை வகுப்பில் சிஸ்டர் சொல்லித்தந்த செபங்களெல்லாம், செபமாலையின் ஐந்து பத்து மணிகளும் சேர்த்து, தலைகீழாகப் பாடம். வீட்டில் யாராவது ஒரு மணியை விட்டுவிட்டால் அந்த இடத்திலேயே பிடித்துத் திருத்திவிடுவேன். என்னை வைத்துக்கொண்டு செபிப்பதற்கு எல்லோரும் கொஞ்சம் பயந்தார்கள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் புறப்பட்டோம். அப்பா சந்தையில் பந்தல் போடுகிற ஒருவரிடம் கேட்டு எடுத்த கம்பு அவரைவிட இரண்டு மடங்கு நீளம். பஸ் சாரதி அதைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறக்கவே மறுத்தார். அப்பா, "நீங்கள் போங்கோ, நான் நடந்து வாறன்" என்று கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார். அது அடுத்த தெருவுக்குப் போகிற தூரமா என்ன! நாங்கள் ஸ்ஃபெர்ராகவால்லோவில் இறங்கி, மாமா கல் நிரப்பிய வலைப்பையைக் கட்டி முடித்து, நான் இரண்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டு, அம்மா பத்துத் தடவை தெருமுனைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் அப்பா வந்து சேர்ந்தார். வழியில் ஒரு கிழவர் மறித்து, எந்தப் புனிதருக்கு இந்த நேர்த்தி என்று கேட்டாராம். அப்பா வியர்வையைத் துடைத்துக்கொண்டே அதைச் சொல்லிச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அவருக்குத் தண்ணீர்ப் போத்தலை நீட்டிவிட்டுக் கம்பை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார்.

படகில் ஏறியதும் அப்பாவின் குரல் இரண்டு மடங்காகிவிட்டது. துடுப்பை அங்கே பிடி, கயிற்றை இஞ்சை விடு என்று மாமாவை விரட்டினார். அப்படிச் சத்தம்போடும் அப்பாவை நான் அதற்கு முன் கண்டதில்லை. கொஞ்சத் தூரம் போய், கழுத்தளவு தண்ணீர் இருக்கும் ஓரிடத்தில் நிறுத்தினோம். அம்மா கரையைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்தார். மாமாவின் உணவகத்து நீலப் பந்தலும் அதற்குப் பின்னால் மலையில் தெரிந்த ஒரு வெள்ளைப் பாறையும் ஒரே கோட்டில் இருந்தன. கோடு குலைந்தால் படகு அசைந்துவிட்டது என்று அர்த்தம். தீவில் பிறந்தவருக்கு இதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

முதல் வாய்ப்பு மாமாவுக்கு. அவர் கல்லுப்பையைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்ட வேகத்தில் எங்கள் எல்லோருக்கும் இரண்டாம் ஞானஸ்நானம் நடந்தது. அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு செபமாலையைத் தொடங்கினார். முதல் பத்து மணி முடிவதற்குள் பை அடியிலிருந்த கடற்புல்லின் மேல் வழுக்கிக்கொண்டு உல்லாசப் பயணம் புறப்பட்டுவிட்டது. வெள்ளைப் பாறை பந்தலை விட்டு விலகி, பக்கத்துக் கடைக்கு மேல் போய் நின்றது.

"தோத்தாச்சு" என்றார் அம்மா. மாமா பையை இழுத்தெடுத்துவிட்டு ஒரு மூலையில் குந்தினார்.

திரும்பவும் பழைய இடத்துக்கு வந்தோம். இப்போது அப்பாவின் முறை. கம்பை இரண்டு கைகளாலும் பிடித்து, மன்னார்க் கடலையே குத்துவது போல ஓங்கிக் குத்தினார். கீழே 'டொக்' என்று கேட்டது. சேற்றில் கம்பு இறங்கினால் சத்தமே வராது என்று சொன்னவர் அவர்தான். அப்பாவின் முகம் ஒரு கணம் வெறுமையானது. பிறகு கம்பைக் கொஞ்சம் நகர்த்தி, அழுத்தி, கயிற்றை அதில் சுற்றினார்.

"இறங்கிட்டுது," என்றார். "நீர் செபத்தைத் தொடங்கும்."

அம்மா மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். எனக்கு ஒரு விஷயம்தான் விளங்கவில்லை. கம்பை நட்டபின் கால் நீட்டிப் படுத்து நித்திரை கொள்ளலாம் என்று வீட்டில் அளந்த அப்பா, இப்போது எழுந்து நின்று, அதில் தோளைச் சாய்த்து, இரண்டு கைகளாலும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். பொழுதுபோக்காகச் சாய்ந்திருப்பவர் போல ஒரு புன்னகை வேறு.

மூலையிலிருந்த மாமா எட்டித் தண்ணீருக்குள் பார்த்தார். அந்தக் கடலில் தண்ணீர் கண்ணாடி. மன்னாரின் கலங்கல் கடலில் பழகிய அப்பாவுக்குக் குனிந்து பார்க்கும் வழக்கமே இல்லை. மாமாவுக்கு இருந்தது. அவர் வாயைத் திறந்து, "அக்கா, அந்தக் கம்பு..." என்று தொடங்கினார். அம்மா கண்ணைக் கரையிலிருந்து எடுக்காமல், செபத்தையும் நிறுத்தாமல், மாமாவின் காலை மிதித்தார். மாமா "ஆ" என்றார். தெரியாமல் மிதித்துவிட்டார் என்று நினைத்தேன். அதன்பிறகு மாமாவுக்கு எங்கிருந்தோ பக்தி வந்துவிட்டது. செபத்துக்கான மறுமொழிகளை உரத்த குரலில், ரயில் பிடிக்கப் போகிறவர் போலச் சொல்லத் தொடங்கினார்.

இரண்டாம் பத்து முடிந்தது. காற்று கொஞ்சம் கூடியது. அப்பாவின் புன்னகை அப்படியே இருந்தது. ஆனால் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, முழங்கைகள் நடுங்கின. அம்மா ஒரு தடவை திரும்பி அவரைப் பார்த்தார். மூன்றாம் பத்து முடிந்தது. உடனே அம்மா செபமாலையைத் தூக்கி முத்தமிட்டு, கடைசியில் சொல்லும் செபத்தைச் சொல்லி, சிலுவை போட்டு முடித்துவிட்டார்.

நான் விடுவேனா? "அம்மா! நாலாவதும் அஞ்சாவதும் விட்டுப்போச்சு!"

"கடலிலை மூண்டுதான்," என்றார் அம்மா.

"சிஸ்டர் அப்பிடிச் சொல்லித்தரேல்லை."

"சிஸ்டர் கடலுக்கு வாறவவோ? பேசாமல் இரு." பிறகு அப்பாவைப் பார்த்து, "நிண்டிட்டுது. படகை வைச்சிருங்கோ. இப்ப கம்பை விட்டிட்டு இருங்கோ, அப்பா" என்றார். அம்மா அவரை 'அப்பா' என்று கூப்பிடுவது மிகவும் அரிது.

அன்று மாலை அப்பாவால் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்க முடியவில்லை. அம்மா எண்ணெயைச் சுடவைத்து அவருடைய தோளில் தேய்த்துவிட்டார். சும்மா சாய்ந்து நின்றவருக்கு ஏன் எண்ணெய் என்று கேட்டேன். அம்மா இன்னும் கொஞ்சம் எண்ணெயைக் கையில் ஊற்றினார்.

"மன்னார்க் கம்பு எப்பிடி?" என்று அப்பா கேட்டார்.

"ஓம், நல்லாத்தான் நிண்டது," என்றார் அம்மா, தேய்த்துக்கொண்டே.

அடுத்த ஞாயிறு அம்மா தன் கைப்பையிலிருந்து துவாயில் சுற்றிய ஒன்றை எடுத்துப் படகில் வைத்தார். கடையில் நாங்கள் பார்த்த அந்த நாலு கொக்கி நங்கூரம். கடைக்காரரிடம் பாறைக்கு எது நல்லது என்று நேரே கேட்டு வாங்கியிருக்கிறார். "கம்புக்குத் துணைக்கு," என்றார். அப்பா அதை எடுத்துக் கயிற்றில் கட்டி, சத்தமில்லாமல் மெல்லத் தண்ணீரில் இறக்கினார். கம்பும் பக்கத்தில் மரியாதையோடு நின்றது. அன்றுதான் முதல் ஸ்பிகொலா அகப்பட்டது. அதைப் பிடித்துத் தந்தது யாருடைய ஊர் முறை என்று அப்பாவும் மாமாவும் இன்றைக்கும் தீர்த்துக்கொள்ளவில்லை.

நன்மை வகுப்பில் செபமாலை எத்தனை பத்து என்று சிஸ்டர் கேட்டபோது நான்தான் முதலில் கையை உயர்த்தினேன். தரையில் ஐந்து, கடலில் மூன்று என்றேன். வகுப்பே சிரித்தது. சிஸ்டர் பூசைக்குப் பிறகு அம்மாவைப் பிடித்து விசாரித்தார். அம்மா முகம் சிவந்து ஏதோ சொல்லிச் சமாளித்தார். ஆனால் எனக்கு அந்தச் சட்டத்தில் சந்தேகமே வரவில்லை. வளர்ந்த பிறகும் நெடுநாள் அதை நம்பியிருந்தேன். கடலைக் கண்டு நடுங்கிய அம்மா, அன்று கரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, எங்கள் படகைக் கம்பா, அப்பாவின் தோள்களா, எது பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தது என்பதை முதல் பத்திலேயே கண்டுவிட்டிருந்தார். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு பத்து குறைகிறது என்பது மட்டும்தான்.