மாமாவுக்காக நான் கொடுத்த மெடிக்கல்

சவுதிக்கு நான் போனதில்லை. ஆனால் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது என் சிறுநீர் ஒருவரை அங்கே அனுப்பிவைத்திருக்கிறது.

அவர் என் தாய்மாமா. பரங்கிப்பேட்டையில் எங்கள் தெரு ஆண்களில் பாதிப்பேர் வெளிநாட்டில் இருந்தார்கள். மாமா மட்டும் சர்க்கரை நோயால் விசாவுக்கான ஒவ்வொரு மெடிக்கல் சோதனையிலும் தோற்றுத் திரும்பினார். வீட்டில் கல்யாண வயதில் இரண்டு பெண்கள். இந்த முறையும் தவறினால் ஏஜென்ட் வேறு ஆளை அனுப்பிவிடுவார்.

அதனால் கடலூர் லேபுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே அப்போது சிறுநீரில்தான் சர்க்கரை பார்ப்பார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் வயிறு முட்டப் பன்னீர் சோடா வாங்கித் தந்தார். லேப் கழிப்பறைக்குள் இருவருமாக நுழைந்தோம். பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு, அடக்க முடியாமல் மாமா முதலில் போனார். வெள்ளையாக நுரை கட்டியது. தண்ணீர் ஊற்றியும் அடங்கவில்லை. என் பாட்டிலில் பெயருக்குக்கூட நுரை இல்லை. எனக்கு அவமானமாகிவிட்டது.

"மாமா, ஒங்களுதுதான் டீ மாதிரி சூப்பரா நொரையா இருக்கு. அதையே குடுத்துடுங்களேன்."

"வாய மூடுடா மருமவனே, வெளிய நர்ஸு நிக்கிது!"

மாமா பாஸானார். உம்மா சேமியா பாயசம் காய்ச்சினாள்.

"தங்கச்சி, மொதல்ல இவனுக்கு ஊத்து. விசா அடிச்சிக் குடுத்ததே இவன்தான்."

"புள்ளைக்கி நல்லாத்தான் கத்துக் குடுக்குறீங்கண்ணே" என்றாள் உம்மா, சிரித்துக்கொண்டே.

எனக்கும் இப்போது சர்க்கரை. சென்ற வாரம் சிதம்பரத்தில் டாக்டர், சிறுநீரில் கொஞ்சம் புரதம் கசிவதாகச் சொன்னார். அது கூடினால் நுரை கட்டுமாம். சிறுநீரகம் கெடத் தொடங்கும்போது வலிக்காதாம். பெரும்பாலும் இந்தச் சோதனையில்தான் தெரியுமாம். ஆரம்பத்திலேயே தெரிந்ததால் மருந்தில் கட்டுப்படுத்தலாம் என்றார். கூட வந்த மகள் என் கையை விடவே இல்லை. இவளுக்கும் வந்துவிடுமோ என்ற பயம் இன்னும் அடங்கவில்லை.

படியிறங்கும்போது மாமாதான் நினைவுக்கு வந்தார். அந்த லேப் அவரிடம் சொல்லியிருக்க வேண்டியதை என் பாட்டில் சொல்லவில்லை. சில ஆண்டுகளில் இரண்டு சிறுநீரகமும் போய்த் திரும்பி வந்தார். அதிக நாள் இருக்கவில்லை. பெண்கள் இருவருக்கும் மட்டும் கல்யாணத்தை முடித்துவிட்டிருந்தார்.

அன்று சவுதிப் பயணத்துக்கென்று சிதம்பரத்தில் வாங்கிய புது ஷூ, கிளம்புகிற காலையில் மாமாவின் காலில் ஏறவில்லை. பாதம் புசுபுசுவென்றிருந்தது.

"கடக்காரன் சைஸ மாத்திக் கட்டிட்டான் மச்சான்" என்றார் வாப்பா.

"போட்டுப் பாத்துதான வாங்குனேன்!"

உம்மா தேங்காயெண்ணெய் தடவிப் பார்த்தாள். வேன்காரர் ஹாரன் அடித்தார். கடைசியில் மாமா ரப்பர் செருப்போடு ஏறி, எங்களுக்குக் கையசைத்தார்.

எனக்கு ஒரே ஆச்சரியம். பெரியவர்களும் வளர்கிறார்கள்! அடுத்த முறை வரும்போது மாமா நிலைப்படியில் குனிந்துதான் உள்ளே வருவார் என்று நினைத்துக்கொண்டேன்.