பெடல் எழுதிய வழி

எங்கள் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பெயர் பெடல். வேலைக்குச் சைக்கிளில் வருகிறவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாம் கம்பெனி வேனில் நசுங்கிக்கொண்டு வருவோம். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாகத் துணி வரும். துவைத்த விரிப்பின் ஒரு முனை என் கையில், மறுமுனை பெடல் கையில். உதறி, இழுத்துப் பிடித்து, துணியைத் தேய்த்துத் தள்ளும் கொதிக்கும் உருளைக்குள் கொடுக்க வேண்டும். ஷிப்ட் முழுக்க ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டே நிற்பதால் எங்களுக்குள் ஒளிவுமறைவு கிடையாது. சண்டை நிறைய உண்டு.

அவள் முகத்தில் பார்ப்பதற்கும் நிறைய இருந்தது. புருவத்தைப் பிளந்துகொண்டு ஒரு தழும்பு. முன்பல் இருந்த இடத்தில் சந்து. எல்லாம் புருஷன் உபயம். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். வெளியில் எறும்பைக்கூட மிதிக்காதவன் மாதிரி நடப்பான், வீட்டுக் கதவைச் சாத்தியதும் ஸ்பானரை எடுப்பான். சாப்பாட்டில் உப்பு குறைந்தால் ஒரு அடி, கூடினால் ஒரு அடி. சைக்கிள் வாங்கி வந்த அன்றைக்கு அதன் மணியைக் கழற்றி அவள் மூஞ்சியைப் பார்த்து எறிந்தான். பல் போனது அப்போதுதான். மணியும் சப்பிப்போனது. வாயில் ரத்தத்தோடு அதே மணியைத் திருப்பி மாட்டி, அதே சைக்கிளில் ஏறி ஊரைவிட்டே வந்துவிட்டாள். அந்தத் துணிச்சலுக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடுவேன். நானாக இருந்தால் கொதிக்கிற தண்ணீரை அவன் தலையில் கொட்டிவிட்டு வந்திருப்பேன், அது வேறு விஷயம்.

இங்கே ஒற்றை அறை எடுத்து, பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தேடிப் பிடித்து, தானாகவே முட்டி மோதிக் கற்றுக்கொண்டு ஒரு இணையதளம் தொடங்கினாள். வெள்ளைப் பக்கம், கறுப்பு எழுத்து. சொந்தப் பெயர் இல்லை, முகம் இல்லை. செயினுக்கு எண்ணெய் விட்டது, மழையில் பிரேக் பிடிக்காதது, சூப்பர்வைசரின் கொட்டாவி, இதெல்லாம்தான் எழுதுவாள். 'எதிர்க்காற்றில் மிதிக்கும்போது யாரையும் மனதுக்குள் திட்ட முடிவதில்லை. மூச்சு போதாது. அதனாலேயே எனக்கு எதிர்க்காற்று பிடிக்கும்' என்று ஒருநாள் எழுதியிருந்தாள். உருளையில் கை வெந்ததைப் பற்றி அவள் எழுதியதைப் படித்து நான் அழுதுவிட்டேன்.

"எதுத்தாப்புலதானே நின்னீங்க? அப்ப அழல?" என்று சிரித்தாள்.

"அப்ப உன்னைத் திட்டிக்கிட்டு இருந்தேன்டி" என்றேன்.

என்னைத் தவிர விடாமல் படிக்கிற இன்னொரு ஆளும் வந்தார். 'வழிப்போக்கன்' என்று பெயர் போட்டு, ஒவ்வொரு பதிவுக்கும் கீழே நல்ல வார்த்தை எழுதுவார். பெடலுக்குத் தலைகால் புரியவில்லை. மழைக்காலத்தில் எந்த வழியாக வேலைக்குப் போவீர்கள் என்று அவர் கேட்டபோது, பதிலாக ஒரு முழுப் பதிவே எழுதினாள். ரயில் பாலத்துக்கு அடியில் தண்ணீர் தேங்கும், விடிந்து கொஞ்ச நேரத்தில் அங்கே வருவேன், இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன் என்றெல்லாம். கூடவே ஹேண்டில்பார் படம் ஒன்று. சப்பிப்போன மணி அதில் பளிச்சென்று தெரிந்தது. எறிந்தவனுக்கு அந்த மணியைத் தெரியாதா?

அடுத்த மழை நாளில் எங்கள் வேன் பாலத்தை நெருங்கியபோது சைக்கிள் குப்புறக் கிடந்தது. முன்சக்கரக் கம்பிகளுக்குள் ஒரு இரும்புக் கம்பி செருகியிருந்தது. அவள் தண்ணீரில் முகம் புதையக் கிடக்க, அவள் புருஷன் பூட்ஸ் காலால் அவள் மணிக்கட்டை மிதித்துத் திருகிக்கொண்டிருந்தான். எலும்பு முறிகிற சத்தம் வேனுக்குள் கேட்டது என்றால் நம்பமாட்டீர்கள், கேட்டது. தலைமயிரைப் பிடித்துத் தூக்கி, "எவ்வளவு அழகா எழுதுற. தெனமும் படிக்கிறேன்" என்றான். நாங்கள் கத்திக்கொண்டு குதித்தோம். என் கையில் சாப்பாட்டுத் தூக்கு இருந்தது, அதால் அவன் மண்டையில் ஒன்று வைத்தேன். ரத்தம் வழிய வழிய, அவசரமே இல்லாமல் தண்டவாளம் ஏறிப் போனான்.

அன்றைக்கே பிடித்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் அவளுடைய தளத்தைத் தன் போனில் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "எங்க வருவேன், எப்ப வருவேன்னு நீயே எழுதி வச்சிருக்கியேம்மா?"

"திருடன் வந்தா, வீட்டுக்கு எதுக்கு வாசல் வச்சேன்னு கேப்பீங்களா சார்?" என்றேன். என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்.

அவள் கைக்கட்டைப் பிரிப்பதற்குள் அவனுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. அவளுடைய கடைசிப் பதிவின் கீழே ஒரு வரி வந்து விழுந்தது: 'கை சரியாகிவிட்டதா?' அவள் தளத்தை மூடிவிடுவாள் என்று நினைத்தேன். மூடவில்லை. மறுபடி தினமும் எழுத ஆரம்பித்தாள். இனிமேல் சிமெண்ட் குடோன் வழியாகத்தான் வேலைக்கு வருகிறேன், அங்கே வளைவில் சுவர் கொஞ்சம் உள்வாங்கியிருக்கிறது, கை வலித்தால் அந்த நிழலில் சாய்ந்து தண்ணீர் குடிப்பேன் என்று. போய் உட்கார்ந்து பார்க்கலாம் என்று எனக்கே ஆசை வருகிற மாதிரி எழுதியிருந்தாள்.

"புத்தி கெட்டுப் போச்சாடி உனக்கு? அவன் படிக்கிறான்!" என்று விரிப்பை உதறினேன்.

"படிக்கட்டும்க்கா."

"அந்த வளைவு வேற. கன்டெய்னர் லாரி திரும்பினா பின்பக்கம் சுவரை உரசிக்கிட்டுத்தான் போகும், நிக்கிற ஆள் டிரைவர் கண்ணுக்கே தெரியாது, யாரும் அங்க நிக்காதீங்கன்னு, அவன் படிக்க வர்றதுக்கு முன்னாடி, ஆரம்பத்துல நீதானே எழுதின?"

"அப்படியா எழுதினேன்?" என்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

வீட்டுக்குப் போய் அந்தப் பழைய பதிவைத் தேடினேன். இல்லை, அழித்திருந்தாள். மறுநாள் கேட் காவலாளியிடம் கேட்டேன். பெடல் சிமெண்ட் குடோன் பக்கமிருந்து ஒருநாளும் வந்ததில்லை, கால்வாய் ரோட்டில்தான் வருகிறாள் என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும் என்று இன்றுவரை எனக்குத் தோன்றவும் இல்லை.

அவன் எத்தனை நாள் அங்கே காத்துக்கிடந்தானோ தெரியாது. ஒருநாள் வேலை நடுவில் வேன் டிரைவர் ஓடிவந்து சொன்னார். சுவருக்கும் லாரிக்கும் நடுவில் ஒரு ஆள் மாட்டிக்கொண்டானாம். இடுப்புக்குக் கீழே ஒன்றுமே மிச்சமில்லையாம், சட்டைப் பையில் லிஃப்ட் கம்பெனி அடையாள அட்டையாம், பக்கத்தில் ஒரு ஸ்பானர் கிடந்ததாம். பெண்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் எதிரே பார்த்தேன். பெடல் விரிப்பின் முனையை மடிப்பு விழாமல் உருளைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி?" என்று கேட்டேன், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"நான் என் பாட்டுக்கு எழுதினேன். அவனை யாருக்கா படிக்கச் சொன்னா?"

எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது, மறைக்கமாட்டேன். அடுத்த விரிப்பை எடுத்தேன். வேன் டிரைவர் இன்னும் போகவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மிச்சத்தையும் சொன்னார்.

"லாரி ஓட்டினவன் சின்னப் பையன்மா. என்னமோ தட்டுதேன்னு எறங்கிப் பாத்திருக்கான். கூட்டம் சேந்துடுச்சு. அவனை இழுத்துப் போட்டு, கல்லாலயும் கட்டையாலயும் அடிச்சு நொறுக்கிட்டானுங்க. ஒரு கண்ணு போயிடுச்சு. பொழைச்சாலும் ஜெயில்தான். அடிக்கிறப்ப எல்லாம், நான் பாக்கலண்ணே, நான் பாக்கலண்ணேன்னு கத்திக்கிட்டே இருந்தான்."

விரிப்பு அவள் பக்கமாகத் தொய்ந்தது. அவள் கையிலிருந்த முனை நழுவித் தரையில் கிடந்தது. நான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன், அவள் வாங்கவில்லை. பாலத்தடியில் எலும்பு முறிந்தபோதுகூட அழாதவள், உருளை வெறுமனே சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"லாரின்னுதான்க்கா நெனச்சேன்" என்றாள். "அதுக்குள்ள ஒரு ஆள் இருப்பான்னு நெனைக்கவே இல்லை."